கணக்குப்பிள்ளைக்கு ஒரு வரி குறையுது

மோனை, கணக்கிலை உன்னை வெல்ல இந்தத் தட்டுவன்கொட்டியிலை ஆளில்லை. போனைத் திறந்து நாலு தட்டுத் தட்டி, "பெத்தப்பா, இடியப்பம் வீட்டிலை அவிச்சால் இவ்வளவு, வெளியிலை வாங்கினால் இவ்வளவு, மாதம் முடிய இவ்வளவு நட்டம்" எண்டு காட்டினியே, எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. எங்கட காலத்திலை சங்கக்கடை மனேச்சர்கூட இப்பிடிக் கூட்டிக் கழிச்சதில்லை. அவங்கள் கழிச்சதுதான் கூட. அது வேறை கதை.

உனக்கு இப்ப என்னட்டை வேண்டியது ஒரு தீர்ப்பு. உன்ரை மனுசி விடியக் கருக்கலோடை கிளிநொச்சிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸிலை ஏறிறவள். பொழுதுபடத் திரும்பி வரேக்கை சந்தியிலை இடியப்பம் கட்டுவிச்சுக்கொண்டு வாறாள். அது இல்லாத நாளையிலை பைக்கற் நூடில்ஸ். "காசைக் கரியாக்கிறாள், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ" எண்டு வந்து திண்ணையிலை குந்தியிருக்கிறாய். சொல்லுறன். வயசுபோனவன் சொன்னால் பெண்டுகள் கேப்பினம் எண்டு இன்னும் நம்பிறாய் பார், அந்த நம்பிக்கைக்காகவே சொல்லுறன்.

முதலிலை உன்ரை கணக்கை ஒருக்கா வாசிப்பம். அரிசிமா எழுதியிருக்கிறாய். தேங்காய் எழுதியிருக்கிறாய். 2025 பிறந்த கையோடை இருநூறு ரூபாயைத் தாண்டின சாமான், எழுதத்தான் வேணும். காஸ் எழுதியிருக்கிறாய். வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் எல்லாம் இருக்கு. கறிவேப்பிலைக்கும் விலை போட்டிருக்கிறாய், அது உன்ரை வேலியிலை நிக்கிற மரமடா. உப்பை மட்டும் விட்டிட்டாய். உப்பளத்துக்குப் பக்கத்திலை இருக்கிற ஆனையிறவானுக்கு உப்பு என்ன கணக்கு எண்டு நினைச்சிருப்பாய், சரி. ஆனால் இன்னொரு வரியும் விடுபட்டுப் போச்சு. அரிசிமா தானாய்க் குழையாது மோனை.

கோவிக்காதை. இந்த நாட்டிலை கணக்கெடுப்பெண்டால் இப்பிடித்தான். 2025 மார்ச் 15ஆம் திகதி, காலமை எட்டு மணியிலையிருந்து சரியாய் அஞ்சு நிமிசம், எல்லாரும் அவையவை வளவுக்கை நிண்டு குரங்கு, மயில், மரஅணில் எல்லாத்தையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் சொன்னதெல்லோ? தென்னையையும் பயிரையும் அழிக்கிறது ஆரெண்டு பிடிக்க. மரத்திலை அசையாமல் குந்தியிருந்த குரங்கு கணக்கிலை வந்திருக்கும். கொப்புக்குக் கொப்புப் பாய்ஞ்சு திரிஞ்சது வந்திருக்குமோ, எனக்குத் தெரியாது. உன்ரை கணக்கும் அதே சாதிதான். அசையாமல் கிடந்த அரிசியையும் தேங்காயையும் எண்ணிப்போட்டாய். அடுப்படிக்கும் கிணத்தடிக்குமாய் ஓடித் திரியிறவளை எண்ணேல்லை.

இடியப்பம் எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ? தின்னத் தெரியும், அதை நான் கண்ணாலை கண்டனான். அவிக்கிற விதத்தைச் சொல்லுறன், போனிலை எழுதிக்கொள். முதல் சிவத்தப் பச்சையரிசியை ஊறப்போடவேணும். ஊறினதை வடிச்சு இடிக்கவேணும். இப்ப உலக்கை வேண்டாம், மில்லிலை குடுக்கலாம், ஆனால் மில்லு நடந்து வீட்டுக்கு வராது. மாவை அரிதட்டாலை அரிச்சு, கப்பியைத் திரும்ப இடிச்சு, தாச்சியிலை வறுக்கவேணும். வறுவல் காணாட்டில் இடியப்பம் களி. கூடினால் கருகல் மணம். நெருப்புக்கு முன்னாலை நிண்டு கிண்டிக்கொண்டே நிக்கவேணும், நடுவிலை போன் பாக்கேலாது. பேந்து கொதிதண்ணி விட்டு அகப்பைக் காம்பாலை குழைச்சு, ஆற முந்தி உரலுக்கை வைச்சுப் பிழியவேணும். நீ உடற்பயிற்சிக் கூடத்துக்குக் காசு கட்டப்போறன் எண்டு சொன்னியெல்லோ? கட்டாதை. ரெண்டு சுண்டு மாவைப் பிழிஞ்சு பார். தட்டுத் தட்டாய்ப் பிழிஞ்சு, அடுக்கி, அவிச்சு, ஒட்டாமல் கழட்டி எடுக்கவேணும்.

இவ்வளவும் வெறும் இடியப்பம். அதை வெறுமனே ஆர் தின்னுறது? சொதிக்குத் தேங்காய் உரிக்கவேணும், உடைக்கவேணும், திருவவேணும், பிழியவேணும். தலைப்பால் வேறை, ரெண்டாம் பால் வேறை. ரெண்டாம் பாலிலை வெங்காயமும் மிளகாயும் வெந்தயமும் அவிய விட்டு, தலைப்பாலை விட்டு, திரையாமல் ஆத்தி ஆத்தி, ஒரு கொதி தலையைக் காட்டினவுடனை இறக்கவேணும். சம்பலுக்கு வேறை தேங்காய்ப்பூ. அதுவும் அம்மியிலை இழுத்தால்தான் உனக்குத் தொண்டையாலை இறங்கும். கிரைண்டரிலை அடிச்சால் "அம்மாவின்ரை கைப்பக்குவம் வரேல்லை" எண்டு முகத்தைக் கோணலாக்குவாய். கடைசியிலை உரல், தட்டு, சட்டி, அம்மி எல்லாம் கழுவிக் கவிக்கவேணும். கழுவி முடிய அடுத்த நேரச் சாப்பாட்டுக்கு அரிசி ஊறப்போட நேரம் சரி.

கொம்மா இவ்வளவையும் செய்தவா. கூலி கேட்டவாவோ? கேக்கேல்லை. அதாலைதான் உன்ரை கணக்கிலை வீட்டுச் சாப்பாடு மலிவாய் வருது. கூலியில்லாத வேலையாலை எந்தச் சாமானும் மலிவுதான். சுடுவெயிலிலை உப்பு அள்ளுற பெண்டுகள் ஒரு ரூபாய் கூலி வாங்காமல் அள்ளினால் உப்பும் சும்மாதான் கிடைக்கும். அதைக் கேட்டால் உனக்கு நெஞ்சு பதறும், "அநியாயம்" எண்டு பதாகை பிடிக்கப் போவாய். குசினிக்கை மட்டும் பதாகையைக் காணேல்லை.

"வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமோ" எண்டு சந்தியிலை நிண்டு முழங்கின ஆம்பிளையள் கனபேரை நான் கண்டிருக்கிறன். திருவலையிலை குந்தியிருந்து முழங்கினவன் ஒருத்தனையும் காணேல்லை. 2017இலை தொகைமதிப்புத் திணைக்களக்காரர் ஆர் எவ்வளவு நேரம் என்ன வேலைக்குச் செலவழிக்கினம் எண்டு நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கு எடுத்தவை. வீட்டு வேலை ஆற்றை தலையிலை எண்டு அறிய. பாவங்கள், கொழும்பிலையிருந்து பெற்றோல் செலவழிச்சு வந்தவை. என்னட்டைக் கேட்டிருந்தால் ஒரு பேணி தேத்தண்ணியோடை சொல்லியிருப்பன்.

இனி இன்னொண்டு. இந்த உடனடிச் சாப்பாட்டை நேற்றைக்கு வந்த வியாதி மாதிரிக் கதைக்கிறாய். உன்ரை பூட்டி செய்த உடனடிச் சாப்பாட்டிலை கால்வாசிகூட உந்தப் பெரிய கடையிலை இல்லை. பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, கிழங்கைக் கிண்டி, அவிச்சுக் கிழிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். பசிச்ச நேரம் எடுத்துத் தேங்காய்ச் சொட்டோடை கடிச்சால் சாப்பாடு முடிஞ்சுது, அடுப்பும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம். அவிக்காமல் காயவைச்சால் ஒடியல், அதை மாவாக்கினால் கூழுக்கு ஆச்சு. பனம்பழத்தைப் பிழிஞ்சு பாயிலை ஊத்திக் காயவைச்சால் பினாட்டு. பரவைக்கடல் மீனை உப்புப் போட்டுக் காயவைச்சால் கருவாடு. மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், வறுத்த அரிசிமா, போத்திலிலை அடைச்ச சரக்குத்தூள். திடீரெண்டு ஆள் வந்தால் அரை மணித்தியாலத்திலை இலை போட ஏலும். எல்லாம் முந்தியே செய்து வைச்ச வேலை, கோடையிலை வெயிலைப் பிடிச்சு வைச்ச வேலை.

ஆகையாலை உடனடி எண்டு ஒரு சாப்பாடு உலகத்திலை இல்லை. ஆரோ முந்தியே மினைக்கெட்டிருப்பினம். முந்தி மினைக்கெட்டது உன்ரை பூட்டி. இப்ப மினைக்கெடுறது தொழிற்சாலை. பூட்டிக்கு நீ காசு குடுக்கேல்லை, தொழிற்சாலைக்குக் குடுக்கிறாய், அதுதான் உனக்குக் கடிக்குது.

இந்த நூடில்ஸ் கதையையும் கேள். 1958இலை ஜப்பானிலை மொமோபுக்கு அண்டோ எண்டொரு மனிசன் கொதிதண்ணி விட்டாத் தின்னக்கூடிய நூடில்சை விக்க வெளிக்கிட்டவர். அப்ப அங்கை கடையிலை விக்கிற பச்சை ஊடோன் நூடில்சைவிட அது ஏறக்குறைய ஆறு மடங்கு விலை. ஆடம்பரச் சாமான். மலிவெண்டு ஒருத்தரும் வாங்கேல்லை, நேரம் மிச்சம் எண்டு வாங்கினவை. நேரத்துக்கு விலை இருக்கெண்டு அந்தச் சனத்துக்கு அண்டைக்கே விளங்கியிருக்கு. உன்ரை போனுக்கு இன்னும் விளங்கேல்லை.

எங்கட பக்கத்துக்கு முதல் வந்த உடனடிச் சாப்பாடு பாண். எழுபதுகளிலை அதுக்கு விடியப்புறம் வரிசையிலை நிண்டம். பிறகு எண்பதாம் ஆண்டளவிலை பிரிமாக்காரர் திருகோணமலையிலை பெரிய மா ஆலையைத் தொடங்க, கோதம்பை மா தட்டுப்பாடில்லாமல் வரத் தொடங்கினது. இரணைமடுத் தண்ணி பாய்ஞ்ச வயலிலை மொட்டைக்கறுப்பன் விளையுது, நாங்கள் கப்பலிலை வந்த கோதம்பையிலை பாணும் சம்பலும் தின்னுறம். ஏன்? பாணுக்கு இடிக்கவும் வேண்டாம், வறுக்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். அண்டைக்கு ஒரு ஆம்பிளையும் "பாண் வாங்கிக் காசைக் கரியாக்கிறாள்" எண்டு சொல்லேல்லை. ஏனெண்டால் பாண் வாங்கப் போறது நாங்கள். சைக்கிளிலை போய், சந்தியிலை ரெண்டு மணித்தியாலம் அரசியல் கதைச்சு, ஒரு றாத்தல் பாணோடை வாறது. அது வேலை எண்டு கணக்கிலை ஏறும்.

சமைக்காமல் சாப்பிட்ட காலம் ஒண்டும் இருந்தது மோனை. நீ அப்ப சின்னப் பொடியன், ஞாபகம் இருக்குமோ தெரியாது. 2009இலை, செட்டிகுளத்திலை, மெனிக் பாம் அகதி முகாமிலை. முதலிலை சமைச்ச சாப்பாடு தந்தவங்கள். வரிசையிலை நிண்டு வாங்கிறது. இடிக்கேல்லை, திருவேல்லை, பிழியேல்லை, ஒரு செலவுமில்லை. பிறகு உலர் உணவு தந்து நீங்களே சமையுங்கோ எண்டு விட்ட அண்டு, பெண்டுகள் மூண்டு கல்லைத் தேடித் திரிஞ்ச திரிச்சல் இருக்கே. விறகில்லை, தண்ணிக்கும் வரிசை, எண்டாலும் அவையவை சட்டியிலை அவையவை பருப்பு. என்ரை மனுசி அண்டைக்கு வைச்ச பருப்பிலை உப்புக் கூடிப் போச்சு. நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் சமைக்க விரும்பிச் சமைச்சவள். ஒருத்தரும் சமை எண்டு சொல்லிச் சமைக்கேல்லை. உந்த வித்தியாசம் உன்ரை மனுசியைக் கேட்டால் வடிவாய்ச் சொல்லுவாள்.

சரி, அழுதுவடியாதை. காஸ் கதைக்கு வா. 2021 ஒக்டோபருக்கு முந்தி 1,493 ரூபாய்க்கு வாங்கின பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2022 ஏப்பிரலிலை 4,860 ஆச்சு. அதுவும் கிடைச்சால். கொழும்பிலை சனம் வெறும் சிலிண்டரை ரோட்டிலை அடுக்கிவைச்சுப்போட்டு நாட்கணக்காய்க் காவல் நிண்டுது. எங்களுக்கு வன்னியிலை பாலை விறகும் பனை மட்டையும் இருந்தது, அடுப்பு நூரேல்லை. அப்ப நீ என்ன சொன்னாய்? "விறகடுப்புச் சாப்பாட்டுக்கு ஒரு தனி ருசி பெத்தப்பா." புகைக்குள்ளை கண் கசக்கிக்கொண்டு ஊதினது கொம்மா. ருசி உனக்கு, புகை அவவுக்கு. காஸ் விலை இறங்கினாப்பிறகு நீ அந்தத் தனி ருசியைப் பற்றி மூச்சும் விட்டதில்லை, அதையும் நான் கவனிச்சனான்.

இப்ப உன்ரை நட்டக் கணக்குக்கு வருவம். சந்தியிலை இடியப்பம் அவிச்சு விக்கிற பிள்ளை ஆர்? புருசன் இல்லாமல் ரெண்டு பிள்ளையளை வளக்கிறவள். அவளிட்டை நீ போன கிழமை இடியப்பம் வாங்கேக்கை பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிண்டனியாம். எனக்குக் கதை வந்தது, இந்த ஊரிலை கதைக்குப் பெற்றோல் தேவையில்லை. அதே நீ பெரிய கடையிலை நூடில்ஸ் பைக்கற்றைத் தூக்கிக்கொண்டு போய், மிசின் 'டிக்' எண்டு சொன்ன காசை வாய் திறக்காமல் குடுத்திட்டு, "தாங்க் யூ" வேறை சொல்லிப்போட்டு வாறாய். மிசினுக்குப் பயம், மனிசிக்கு முன்னாலை வீரம். வடிவான வியாபாரம்.

கிளிநொச்சிக்குப் போறனி தானே, அம்மாச்சி உணவகத்திலை ஒருக்காக் குந்து. அரசாங்கம் இடம் கட்டிக் குடுக்க, பெண்டுகளே நிண்டு நடத்தினம். முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமும் இருக்கு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலையும் இருக்கு. தோசை உன்ரை கண்ணுக்கு முன்னாலை கல்லிலை விழும். குரக்கன், உழுந்து, இலைக்கஞ்சி எல்லாம் அப்பவே செய்து அப்பவே தாறது, விலையும் கையைக் கடிக்காது. புதுச் சாப்பாடோ எண்டால் புதுச் சாப்பாடு. உடனடியோ எண்டால் உடனடி. சமைச்சவளின்ரை கையிலை பொழுதுபடக் காசும் இருக்கும். கொம்மா நாப்பது வருசம் செய்த அதே வேலைதான், ஆனால் அங்கை வேலைக்கு ஒரு விலைப்பட்டியல் சுவரிலை தொங்குது. நாங்கள் ஒருக்காப் போனண்டு நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன், என்ரை மனுசி என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல் வடை திண்டம்.

இதைச் சொன்னதுக்காக நூடில்சுக்கு நான் நற்சான்றிதழ் குடுக்கிறன் எண்டு நினைக்காதை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு தேக்கரண்டிகூட முழுசாய் வராது. அந்தச் சின்னத் தூள் பைக்கற்றுக்கை அதிலை பெரிய பங்கு கிடக்கு. 1990இலை சண்டையோடை மூடின எங்கட ஆனையிறவு உப்பளம், திரும்பத் திறந்து, 2025 மார்ச்சிலை மேசை உப்புத் தொழிற்சாலையும் வந்து, அந்த உப்புக்கு வைச்ச பேராலை பாராளுமன்றம் வரைக்கும் சண்டை போச்சு. அப்பிடிப்பட்ட உப்புக்குப் பக்கத்திலை வீடு கட்டி வைச்சுக்கொண்டு, எங்கேயோ செய்த உப்புத்தூளைப் பைக்கற்றிலை வாங்கிக் கரைச்சுக் குடிக்கிறாய். அந்தத் தூளைப் பாதியாய்க் கொட்டு, ரெண்டு முருங்கையிலைக் காம்பு உருவிப் போடு, ஒரு முட்டையை உடைச்சு ஊத்து. அவள் களைச்சு வந்த நாளையிலை அது சாப்பாடுதான். ஒருத்தரும் செத்துப்போகாயினம்.

தீர்ப்பெல்லோ கேட்டாய். இடியப்பம் சந்தியிலையே வாங்குங்கோ. அந்தப் பிள்ளை ஒரே அடுப்பிலை நூறு வீட்டுக்கு அவிக்கிறாள், உங்கட ரெண்டு வயித்துக்கு உன்ரை மனுசி இரவு பதினொண்டு மணிக்கு மா வறுக்கிறது பைத்தியக்காரத்தனம். விலை பேசாதை. திரளியோ மணலையோ இறாலோ பரவைக்கடலிலை பட்ட அண்டைக்குக் கொஞ்சமாய் வாங்கு, குளிர்ப்பெட்டியிலை கிழமைக்கணக்காய் அடுக்காதை. சம்பலும் சொதியும் மட்டும் வீட்டிலை. அதுதான் கடையிலை வாங்கேலாத ருசி, அரை மணித்தியாலத்து வேலை, செலவும் குறைவு.

"அதைத்தானே பெத்தப்பா அவளுக்குச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான்" எண்டு ஏன் பல்லைக் காட்டிறாய்? அவளுக்கு ஆர் சொன்னது? சொதி வைக்கப்போறது நீ. அவள் பஸ்ஸாலை இறங்கிற நேரம் நீ மதகடியிலை குந்தியிருந்து போனை நோண்டிக்கொண்டு இருக்கிறதை நான் தினம் பாக்கிறன், உனக்கு அரை மணித்தியாலம் எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும். ஒரு மாதம் வை. பேந்து உன்ரை கணக்கைத் திறந்து, சொதிக்குக் கூலி எண்டொரு வரி போட்டு, என்ன விலை எழுதுறாய் எண்டு கொண்டுவந்து காட்டு. அதைப் பாக்கிறதுக்காகவெண்டாலும் நான் இன்னும் ஒரு மாதம் இருப்பன்.

தேங்காய் உரிக்க அலவாங்கு என்ரை கொட்டிலுக்கை சாத்திக் கிடக்கு, எடுத்துக்கொண்டு போ. திருவேக்கை சிரட்டை தெரியுமட்டும் திருவாதை, பூ கறுக்கும், அவள் பாத்தவுடனை சிரிப்பாள். விரலையும் கொஞ்சம் பாத்துக்கொள், திருவலைக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது. தலைப்பால் விட்டாப்பிறகு அடுப்பை விட்டு அங்காலை இஞ்சாலை போகக் கூடாது. தேசிக்காய் இறக்கின பிறகுதான் பிழியிறது. இறக்கின பிறகு. முந்தி விட்டால் திரைஞ்சுபோம், பேந்து என்னட்டைக் கொண்டுவராதை, நான் குடிக்கமாட்டன்.